காவிரிக் கரையில் முன்னடையாள வாசிப்பு: தேம்பாவணியில் பழைய ஏற்பாடும் மீட்பின் நிழலும்

ஆய்வுச் சுருக்கம்

எபிரேய மறைநூலின் நிகழ்வுகளும் மாந்தரும் கிறித்துவின் மீட்புச் செயலுக்கு முன்னடையாளங்கள் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் தொன்மையான வாசிப்பு முறையாகும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இம்முறை தமிழுக்கு வந்தபோது, பழைய நூலுக்கும் புதிய நூலுக்கும் உள்ள உறவைப் பற்றி ஏற்கெனவே ஆழ்ந்து சிந்தித்திருந்த ஒரு நிலப்பகுதியில் அது காலூன்ற வேண்டியிருந்தது. திருவரங்கத்தின் உபய வேதாந்த மரபு, அவதாரக் கோட்பாடு ஆகியவற்றின் அருகே முன்னடையாளம் என்ற கருத்து தன் தனித்தன்மையை எவ்வாறு காத்துக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வினா. வீரமாமுனிவரின் தேம்பாவணி கதையின் வைப்புமுறையாலும் பெயர்களின் மொழியாக்கத்தாலும் இதற்கு விடை கண்டது என்பதும், அந்த விடை திறந்துவிட்ட மற்றொரு வினா 1950-இல் தண்ணீர்ப்பள்ளியில் மீண்டும் எழுந்தது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முன்னடையாளம், தேம்பாவணி, வீரமாமுனிவர், உபய வேதாந்தம், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, பழைய ஏற்பாடு, சாந்திவனம்.

முன்னுரை

தேம்பாவணியைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் சென்றுள்ளன. ஒன்று, கம்பராமாயணம், சீவக சிந்தாமணி முதலியவற்றின் தாக்கத்தை அக்காப்பியத்தில் காண்பது. மற்றொன்று, யூதேயாவைத் தமிழ் மருதநிலமாகப் பாடிய பண்பாட்டு இணக்கத்தைப் போற்றுவது. இரண்டும் தேவையான பணிகளே. எனினும் அக்காப்பியத்தின் கணிசமான பகுதியை நிறைத்து நிற்கும் பழைய ஏற்பாட்டுக் கதைகளை இவ்வாய்வுகள் 'கிளைக்கதைகள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. சூசையப்பரின் வரலாற்றைப் பாடவந்த புலவர் தாவீதையும் யோசுவாவையும் கிதியோனையும் இத்துணை விரிவாகப் பாடியது ஏன்? காப்பிய மரபு வேண்டும் அணியழகு என்பது மட்டும் விடையாகாது. கத்தோலிக்க வாசிப்பில் அவை கிளைகள் அல்ல, வேர்கள்.

இக்கட்டுரை முதலில் முன்னடையாளம் என்ற வாசிப்பு முறையை விளக்குகிறது. அடுத்து, அம்முறை வந்திறங்கிய காவிரி, கொள்ளிடக் கரைகளின் கருத்துச் சூழலைத் திருவரங்கத்தை முன்வைத்துக் காட்டுகிறது. பின்னர் நொபிலி, வீரமாமுனிவர், சாந்திவனத் துறவியர் என்ற மூன்று கட்டங்களில் அதன் வரலாற்றைப் பின்தொடர்கிறது.

முன்னடையாளம் என்னும் வாசிப்பு முறை

முன்னறிவிப்பும் முன்னடையாளமும் ஒன்றல்ல. முன்னறிவிப்பு சொல்லால் ஆவது. இறைவாக்கினர் ஒருவர் வரப்போவதை உரைக்கிறார். முன்னடையாளம் நிகழ்வால் ஆவது. அதில் பங்குகொள்பவர் தாம் ஓர் அடையாளம் என்பதை அறியார். மோசே பாலைநிலத்தில் வெண்கலப் பாம்பைக் கம்பத்தில் உயர்த்தியபோது, பாம்புக்கடியினின்று மக்களைக் காப்பதே அவர் நோக்கம். அதனைச் சிலுவையில் உயர்த்தப்படும் மானிடமகனுக்கு அடையாளமாகக் காண்பது யோவான் நற்செய்தி (3:14). யோனா மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்ததை உயிர்ப்பின் அடையாளமாக மத்தேயு நற்செய்தி (12:40) எடுத்துக்கொள்கிறது. ஆதாமை வரவிருந்தவரின் முன்னடையாளம் எனப் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் (5:14) குறிக்கிறார். நோவாவின் வெள்ளம் திருமுழுக்கைச் சுட்டுவதாகப் பேதுருவின் முதல் திருமுகம் (3:20–21) கூறுகிறது.

ஆகவே இவ்வாசிப்பு பிற்காலத்தார் புனைந்து சேர்த்ததன்று. புதிய ஏற்பாட்டிற்குள்ளேயே அது தொடங்கிவிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் சுஸ்தீனும் இரனேயுவும் ஏவாளுக்கு எதிரிணையாக மரியாவை வைத்தனர். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிசன் யோசுவா நூலுக்கு ஆற்றிய மறையுரைகளில், மோசே கொண்டுசேர்க்க முடியாத மக்களை வாக்களிக்கப்பட்ட நாட்டிற்குக் கொண்டுசேர்த்த யோசுவாவில் இயேசுவைக் கண்டார். கிரேக்க மொழியில் யோசுவா, இயேசு ஆகிய இரு பெயர்களும் ஒரே வடிவம் கொண்டவை என்பது அவருக்குத் துணையாயிற்று. புதியது பழையதில் மறைந்திருக்கிறது, பழையது புதியதில் வெளிப்படுகிறது என்ற கருத்தை அகுஸ்தீன் நிலைபெறச் செய்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டும் இக்கருத்தையே வழிமொழிகிறது.

இவ்வாசிப்பிற்கு இன்றியமையாத அடிப்படை மூன்று. முதலாவது, பழைய நிகழ்வு உண்மையில் நடந்ததாகக் கொள்ளப்பட வேண்டும். அது வெறும் உருவகக் கதையன்று. இரண்டாவது, பழையதைவிடப் புதியது பெரிது. நிழலுக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு அங்கே உண்டு. மூன்றாவது, காலம் ஒரே திசையில் செல்கிறது. நிறைவு ஒருமுறையே நிகழும். இம்மூன்றாவது அடிப்படையே தமிழ்ச் சூழலில் பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று.

திருவரங்கத்தின் இரு வேதங்கள்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கம், பழைய மறை, புதிய மறை என்ற வினாவைப் பல நூற்றாண்டுகளாகவே தன் முதன்மையான சிந்தனைப் பொருளாகக் கொண்டிருந்தது. வடமொழி வேதத்தையும் ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்களையும் இணையான இரு மறைகளாக ஏற்பது உபய வேதாந்தம். நம்மாழ்வாரின் நான்கு நூல்களும் நான்கு வேதங்களுக்கு நிகராக வைக்கப்பட்டன. திருவாய்மொழி சாம வேதத்திற்கு இணையாயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவரங்கத்தில் நிகழ்த்திய திருவாய்மொழி விரிவுரையே வடக்குத் திருவீதிப் பிள்ளையால் 'ஈடு முப்பத்தாறாயிரப்படி' எனப் பதிவாயிற்று. மார்கழி, தை மாதங்களில் நிகழும் அத்யயன உற்சவத்தில் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் திவ்வியப் பிரபந்தம் ஓதப்படுவது இவ்விணைநிலையின் வழிபாட்டு வடிவம்.

வெளித்தோற்றத்தில் இது கத்தோலிக்கரின் இரு ஏற்பாடுகளை ஒத்திருக்கிறது. ஆயினும் அடிப்படை வேறு. உபய வேதாந்தத்தில் இரு மறைகளும் ஒரே பொருளை உணர்த்துகின்றன. வடமொழியில் அரிதாய் இருப்பது தமிழில் தெளிகிறது. முன்னது நிழல், பின்னது நிறைவு என்ற காலவரிசை அங்கு இல்லை. இரண்டும் என்றுமுள்ளவை.

பழங்கதைகளை வாசிக்கும் முறையிலும் இதே வேறுபாடு தெரிகிறது. வீடணன் இராமனிடம் அடைக்கலம் புகுந்த நிகழ்வு, வைணவ உரையாசிரியர்களுக்குச் சரணாகதியின் தலையாய எடுத்துக்காட்டு. இராமன் அளித்த அரங்க விமானத்தை இலங்கைக்கு எடுத்துச் சென்ற வீடணன், அதனை வழியில் காவிரித் தீவில் இறக்கிவைக்க, அங்கேயே அது நிலைபெற்றது என்பது திருவரங்கத் தலபுராணம். எனவே அந்நிகழ்வு அவ்வூருக்குத் தொலைவிலுள்ள பழங்கதையன்று. ஆனால் வீடணனின் அடைக்கலம் பின்னர் வரவிருக்கும் வேறொரு பெரிய அடைக்கலத்தைச் சுட்டுவதாக எவரும் கூறவில்லை. ஒவ்வோர் அடியவரும் தாமே நேராகப் பின்பற்றக்கூடிய முன்மாதிரி அது. முன்மாதிரி வேறு, முன்னடையாளம் வேறு.

பிள்ளை உலகாசிரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இறைவனின் ஐந்து நிலைகளை நீரின் ஐந்து நிலைகளோடு ஒப்பிடும்போது, அவதாரங்களைப் பெருகி ஓடி மறைந்த ஆற்றுவெள்ளத்திற்கும், கோயிலில் எழுந்தருளியுள்ள அர்ச்சை வடிவத்தை அவ்வெள்ளம் விட்டுச்சென்ற மடுக்களுக்கும் ஒப்பிடுகிறார். காவிரிக் கரையில் வாழ்பவர் எவருக்கும் விளக்கம் வேண்டாத உவமை இது. வெள்ளம் வடிந்தாலும் மடுவில் நீர் உண்டு. தாகமுற்றவன் இன்றே பருகலாம். இறைவன் இப்போதே இங்கே இருக்கிறான் என்று கொள்ளும் சமயத்திற்கு, முன்பு நடந்தது பின்பு நடக்கப்போவதன் நிழல் என்ற கணக்குத் தேவைப்படவில்லை. கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் எதிர்கொண்ட கருத்துச் சூழல் இதுவே. அது மறைநூலறிவு அற்ற சூழலன்று. வேறொரு மறைநூல் அறிவு நிறைந்த சூழல்.

நொபிலியும் 'வேதம்' என்ற சொல்லும்

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, 1623-இல் வடக்கு நோக்கிப் புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி, சேலம் பகுதிகளில் பணியை விரித்தார். பூணூல், குடுமி முதலியவற்றைப் பற்றிய விவாதத்தில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்கு ஆதரவாக ஆணை வழங்கியதும் அதே ஆண்டில்தான். அவரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இவ்வுடை, ஒழுக்க விவாதத்தையே மையப்படுத்துகின்றன. நம் பொருளுக்கு முதன்மையானது அவர் கையாண்ட சொல். கிறித்தவ நெறியை அவர் 'சத்திய வேதம்' என்றார். மறைந்துபோனதாகச் சொல்லப்பட்ட ஒரு வேதத்தையே தாம் மீட்டுக் கொணர்ந்திருப்பதாகவும் அவர் எடுத்துரைத்தார்.

இதன் விளைவு இருவகையானது. ஒருபுறம் 'வேதம்' என்ற சொல் கத்தோலிக்கத் தமிழில் ஆழ வேரூன்றியது. கிறித்தவர் 'வேதக்காரர்' எனவும் மறைக்கல்வி புகட்டுவோர் 'வேதியர்' எனவும் அழைக்கப்பட்டனர். மறுபுறம், மறைந்த வேதம் என்ற வாதம் முன்னடையாளத்தின் இயல்பையே மாற்றிவிடும் இடரைக் கொண்டிருந்தது. ஒன்று மறைந்து பின் மீண்டும் கிடைக்கிறது என்றால், அங்கே பழையதும் புதியதும் ஒன்றே. நிழலினின்று பொருளுக்கு நகரும் வரலாறு அதில் இல்லை. எபிரேயரின் நெடும்பயணம், அடிமைத்தனம், விடுதலை ஆகியவை அவ்வாதத்திற்குத் தேவைப்படவே இல்லை.

அவதாரம் என்ற சொல்லும் இதே இடரை உடையது. கடவுள் மனிதரானதைக் குறிக்கத் தொடக்கக் காலக் கத்தோலிக்கத் தமிழ் 'மனுஷாவதாரம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அவதாரங்கள் பல என்ற சூழலில் வளர்ந்த செவிக்கு, யோசுவாவும் தாவீதும் இயேசுவின் முந்தைய அவதாரங்கள் என்று தோன்றிவிடக்கூடும். இவர் அவரல்லர், ஆயினும் இவர் அவரைச் சுட்டுகிறார் என்பதைத் தமிழில் எவ்வாறு உணர்த்துவது? ஒரு நூற்றாண்டு கழித்து இவ்வினாவைக் காப்பியமாக எதிர்கொண்டவர் வீரமாமுனிவர்.

தேம்பாவணி: வழியில் கேட்கும் பழங்கதை

இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் 1680-இல் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, 18-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் மதுரை மறைத்தளத்தில் பணி தொடங்கினார். கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, கலம்பகமும் பாடினார். திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) ஆண்ட காலம் அது. அம்மன்னரும் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் ஆளுயரச் சிலைகள் இன்றும் திருவரங்கம் கோயிலில் உள்ளன. கம்பராமாயணம் அரங்கேறியதாக மரபு கூறும் மண்டபமும் அதே கோயிலில்தான் உள்ளது. கம்பனின் ஓசையை உள்வாங்கிய கிறித்தவக் காப்பியம் 1726-இல் கொள்ளிடத்தின் மறுகரை சார்ந்த மறைத்தளத்தினின்று தோன்றியது.

மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி, எசுப்பானியத் துறவி ஆகிர்தா மரியாவின் 'இறைவனின் மறைநகர்' என்ற நூலை ஆதாரமாகக் கொண்டு சூசையப்பரின் வாழ்வைப் பாடுவது. பழைய ஏற்பாட்டுக் கதைகளைப் புலவர் தொடக்கநூல் முதல் வரிசையாகச் சொல்லிச் செல்லவில்லை. அவற்றை வைக்கும் இடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்.

முதற்காண்டத்தின் வளன் சனித்த படலத்தில் தாவீது கோலியாத்தை வென்ற கதை வருகிறது. சூசை தாவீதின் குலத்தவர். எனவே அவருடைய பிறப்பைப் பாடுமுன் குலமுதல்வனின் வெற்றியைப் பாடுவது காப்பிய மரபுக்கும் பொருந்தும், மத்தேயு நற்செய்தியின் தலைமுறைப் பட்டியலுக்கும் பொருந்தும். இங்கே தாவீது மீண்டும் பிறந்து வரவில்லை. ஒரு குலத்தின் வழியே தலைமுறை தலைமுறையாகக் காலம் நகர்ந்து ஒரு பிறப்பை நோக்கி வருகிறது. அவதாரக் கோட்பாட்டோடு குழப்பிக்கொள்ள இயலாத அமைப்பு இது.

இரண்டாம் காண்டத்தில் இவ்வுத்தி இன்னும் தெளிவாகிறது. ஏரோதுக்கு அஞ்சிக் குழந்தையோடு எகிப்துக்குச் செல்லும் பயணத்தின் இடையே, காசா நகரைச் சேர்வதற்கு முன், சோசுவன் வெற்றிப் படலமும் செதையோன் வெற்றிப் படலமும் அமைகின்றன. முன்னது யோசுவாவையும் பின்னது கிதியோனையும் பற்றியது. ஒரு காலத்தில் இசுரயேலர் எகிப்தினின்று வெளியேறி இந்நிலத்திற்கு வந்தனர். யோசுவா அதனைக் கைப்பற்றினார். இப்போது, அவ்வெற்றிகள் எவரைச் சுட்டினவோ அவரே, கைக்குழந்தையாய், அதே நிலத்தின் வழியே எதிர்த்திசையில், ஏதிலியாய்ச் செல்கிறார். பழைய வெற்றியின் கதை சொல்லப்படும் இடத்தில் அதன் நிறைவானவர் தோளில் சுமந்து செல்லப்படும் குழந்தையாக இருக்கிறார். நிழலும் பொருளும் ஒரே காட்சியில் அருகருகே வைக்கப்படுகின்றன, ஆனால் ஒன்றாகிவிடவில்லை.

இத்தேர்வு தற்செயலானதன்று எனக் கருத இடமுண்டு. யோசுவாவை இயேசுவோடு இணைக்கும் ஒரிசனின் மரபு மேலே சுட்டப்பட்டது. கிதியோன் விரித்துவைத்த கம்பளியில் மட்டும் பனி இறங்கிய அடையாளத்தை (நீதித்தலைவர்கள் 6) மரியாவின் கன்னித் தாய்மைக்கு முன்னடையாளமாகத் திருச்சபைத் தந்தையர் கொண்டனர். மகனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று என இரு அடையாளங்களும் பயணம் செல்லும் குடும்பத்தின் வழியில் வைக்கப்பட்டுள்ளன. தேம்பாவணியின் கிளைக்கதை ஒவ்வொன்றும் முன்னடையாளமே என்று வாதிடுவது மிகை. காப்பியச் சுவைக்காகவே அமைந்தவையும் அதில் உண்டு. எனினும் முழுப் படலங்களாக விரிந்து பயணவழியில் நிற்கும் இவ்விரு கதைகளையும் சுவை ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

பெயர்களின் பொருள்

முனிவர் கையாண்ட இரண்டாம் உத்தி பெயர்களின் மொழியாக்கம். சூசை என்ற ஒலிபெயர்ப்பு வழக்கில் இருந்தும் தம் தலைவனுக்கு அவர் 'வளன்' எனப் பெயரிட்டார். எபிரேயத்தில் யோசேப்பு என்பதற்கு மேலும் சேர்ப்பார், பெருகச் செய்வார் என்று பொருள். தொடக்கநூலில் (30:24) இராகேல் தன் மகனுக்கு அப்பெயர் இட்டதன் காரணமும் அதுவே. கடவுள் இரக்கமுடையவர் எனப் பொருள்படும் யோவான் என்ற பெயர் அவர் கையில் 'கருணையன்' ஆயிற்று.

தூய தமிழ்ப் பெயரிடும் ஆர்வம் என்று மட்டும் இதனைக் கொள்வது போதாது. முன்னடையாள வாசிப்பு பெரிதும் பெயர்களின் பொருளைச் சார்ந்தது. தொடக்கநூலின் யோசேப்பு கனவுகளின் பொருள் அறிந்தவர், எகிப்துக்குச் சென்றவர், பஞ்சத்தில் மக்களுக்கு உணவு அளித்தவர். நற்செய்தியின் யோசேப்பு கனவில் ஆணை பெற்றவர்; எகிப்துக்குச் சென்றவர்; வாழ்வின் உணவானவரை வளர்த்தவர். இவ்வொப்புமையை 12-ஆம் நூற்றாண்டில் கிளர்வோ பெர்நார்து தம் மறையுரையில் விரித்தார். 1870 டிசம்பர் 8-ஆம் நாள் சூசையப்பரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த ஆணையும் எகிப்தின் யோசேப்பைச் சுட்டியே தொடங்குகிறது. அவ்வாணைக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே 'வளன்' என்ற ஒற்றைச் சொல் எபிரேயப் பெயரின் பொருளைத் தமிழ்ச் செவிக்கு எட்டச் செய்துவிட்டது.

இங்கு ஒரு வரலாற்றுப் பின்புலத்தையும் கருத வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714–15-இல் அச்சேறியது; சூல்ட்சின் முயற்சியால் பழைய ஏற்பாடு 1728-இல் நிறைவுற்றது. தேம்பாவணி தோன்றிய 1726 இதற்கு இடைப்பட்டது. உலுத்தரன் சபையினரை மறுத்து 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' முதலிய உரைநடை நூல்களை முனிவர் எழுதினார். தரங்கம்பாடி பழைய ஏற்பாட்டை நூலாக மக்கள் கையில் கொடுத்தது. கத்தோலிக்க மறைத்தளமோ அதனைக் காப்பியமாகவும் வழிபாடாகவும் கொடுத்தது. எழுத்தறியாக் கத்தோலிக்கர் பழைய ஏற்பாட்டைச் சந்தித்த முதன்மையான இடம் நூல் அன்று, வழிபாடே. இன்றும் திருச்சிராப்பள்ளிக் கோயில்களில் பாசுகா திருவிழிப்பு இரவில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு உள்ளன. அவற்றைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் செங்கடலைக் கடந்த விடுதலைப் பயண வாசகத்தை மட்டும் விடக்கூடாது என்பது வழிபாட்டு விதி. அவ்விரவில் திருமுழுக்கு நீருக்கு ஆசி வழங்கும் மன்றாட்டு, படைப்பின் நீர், நோவாவின் வெள்ளம், செங்கடல், யோர்தான் ஆகியவற்றை வரிசையாக நினைவுகூர்கிறது. ஓடி மறைந்த வெள்ளமும் எஞ்சிய மடுவும் என்ற திருவரங்க உவமை இங்கே நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் திருச்சபையின் மன்றாட்டில் ஒவ்வொரு பழைய நீரும் அடுத்ததைச் சுட்டி நிற்கிறது.

யாருடைய பழைய நூல்?

தேம்பாவணியில் ஒரு வேலைப்பிரிவினை உண்டு. முன்னடையாளம் முழுதும் எபிரேயரிடமிருந்து வருகிறது. தமிழ் மரபு திணை, அணி, ஓசை, காப்பிய வடிவம் ஆகியவற்றைத் தருகிறது. தமிழ் இலக்கியத்தின் எந்த மாந்தரும் அங்கே மீட்பின் நிழலாக நிற்பதில்லை. தமிழ்நாட்டின் தொன்மையான சமயத் தேடல் மீட்பின் முன்வரலாற்றில் எங்கே இடம்பெறுகிறது என்ற வினாவை முனிவர் எழுப்பவில்லை. அவர் காலத் திருச்சபையும் எழுப்பவில்லை.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அவ்வினா அதே காவிரிக் கரையில் எழுந்தது. திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் பணியாற்றிய பிரெஞ்சு அருள்பணியாளர் சூல் மொன்சானேனும், 1948-இல் இந்தியா வந்த பெனடிக்ட் சபைத் துறவி ஆன்ரி லெ சோவும் ஆயர் சேம்சு மெந்தோன்சாவின் ஆதரவோடு 1950-இல் குளித்தலைக்கு அருகிலுள்ள தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என்பது அதன் வழக்குப் பெயர். லெ சோ அபிசிக்தானந்தர் என்ற பெயர் பூண்டார். எபிரேய மறைநூல் யூதரைக் கிறித்துவிடம் கொண்டுவந்தது போல, உபநிடதங்கள் இந்தியரைக் கொண்டுவர இயலுமா என்று அவர்கள் வினவினர். மொன்சானேன் எச்சரிக்கையோடு நின்றார். அபிசிக்தானந்தர் மேலும் முன்சென்றார். 1968 முதல் அங்கு வாழ்ந்த பீட் கிரிபித்சு, வழிபாட்டில் பிற சமய மறைநூல்களின் வாசகங்களுக்கு இடமளித்தார். 1974-இல் பெங்களூரில் அமலோர்பவதாசு ஒருங்கிணைத்த ஆய்வரங்கு விவிலியம் அல்லாத மறைநூல்களின் இடத்தை விவாதித்தது. ஆயினும் திருப்பலியில் அவ்வாசகங்களைப் பயன்படுத்த உரோமை இசைவு அளிக்கவில்லை.

இம்முயற்சி இரு எதிர்வினாக்களைச் சந்திக்க வேண்டும். முதல் வினா திருவரங்கத்தினின்று வருவது. தம் மறையைத் தாமே முழுமை எனக் கொண்டவரிடம், அது வேறொன்றின் நிழல் என்று கூறுவது மதிப்பா, கவர்தலா? யூதர்கள் இவ்வினாவை நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளனர். உரோமையின் விவிலிய ஆணைக்குழு 2001-இல் வெளியிட்ட ஆவணம், யூதர் தம் மறைநூலை வாசிக்கும் முறையும் ஏற்புடைய ஒரு வாசிப்பே என ஒப்பியது. நிறைவு கண்டதாக நம்புவோர், நிழல் எனத் தாம் அழைத்தது பிறருக்கு இன்றும் முழுப்பொருளாக இருப்பதை ஏற்றாக வேண்டும் என்பதே அவ்வாவணத்தின் உட்கிடை.

இரண்டாம் வினா திருச்சபைக்குள்ளேயே எழுந்தது. வேதத்தையும் உபநிடதத்தையும் இந்தியக் கிறித்தவரின் பழைய ஏற்பாடாகக் கொண்டால், அவற்றை ஓதவும் கேட்கவும் தடுக்கப்பட்டவர்களின் வழிவந்த கிறித்தவர்களுக்கு அது எவ்வகையில் முன்வரலாறு ஆகும்? 1980-களில் உருப்பெற்ற தலித் இறையியல் உபநிடதத்தை நாடவில்லை. எபிரேய நூலையே நாடியது. அரவிந்த் நிர்மல் இணைச்சட்ட நூலின் 26-ஆம் அதிகாரத்தில், நாடோடி மூதாதையையும் எகிப்தின் அடிமைத்தனத்தையும் நினைவுகூரும் அறிக்கையில் தலித் மக்களின் வரலாற்றைக் கண்டார். பிற நாட்டு நூல் என ஒதுக்கப்படக்கூடிய விடுதலைப் பயணம், சொந்த நாட்டின் மறையைவிட அணுக்கமாயிற்று. தேம்பாவணியின் வேலைப்பிரிவினையைக் குறை என்று மட்டும் கருதுவோர் இதனையும் எண்ண வேண்டும்.

முடிவுரை

பழையதற்கும் புதியதற்கும் உள்ள உறவைக் காவிரிக் கரை மூன்று வகையாகச் சிந்தித்துள்ளது. இரு மறைகள், ஒரே பொருள் என்றது உபய வேதாந்தம். காலந்தோறும் இறங்கி வருதல் என்றது அவதாரக் கோட்பாடு. ஒருமுறை நிகழ்ந்தது, ஒருமுறை நிகழப்போவதைச் சுட்டும் என்றது கத்தோலிக்க முன்னடையாள வாசிப்பு. முதல் இரண்டும் நிலைபெற்றிருந்த மொழியில் மூன்றாவதைக் கூறுவதே வீரமாமுனிவரின் அரும்பணி. அதனை அவர் விளக்கவுரையால் செய்யவில்லை. தாவீதைக் குலவரலாற்றிலும், யோசுவாவையும் கிதியோனையும் எகிப்து வழியிலும் வைத்தார்; எபிரேயப் பெயர்களின் பொருளைத் தமிழாக்கினார்.

எனவே தேம்பாவணியின் பழைய ஏற்பாட்டுப் பகுதிகளைக் கிளைக்கதைகள் என ஒதுக்காமல், அவை நிற்கும் இடத்தை வைத்து வாசிப்பது இனிவரும் ஆய்வுகளுக்குப் பயன்தரும். அவ்வாறு வாசிக்கும்போது, யாருடைய பழைய நூலை யார் தம் நிழலாகக் கொள்கிறார் என்ற வினாவையும் உடன்வைத்தல் வேண்டும். ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதா கோயிலுக்கும், வீடணனின் அடைக்கலத்தை நினைவில் கொண்ட திருவரங்கத்திற்கும் இடையே ஓடுவது கொள்ளிடம் ஒன்றே. இரு கரையினரும் அடைக்கலம் என்ற ஒரே தமிழ்ச் சொல்லை வழங்குகின்றனர். சொல் ஒன்றாயினும் அதன் பின்னுள்ள காலக் கணக்கு வேறு என்பதை உணர்ந்து இரண்டையும் அவையவை நிற்கும் இடத்தில் வைத்து வாசிப்பதே ஆய்வாளரின் கடமையாகும்.